மூக்கு பழகினால் நுரையீரலும் பழகிவிடுமா?

கேள்வி: நான் அருமனைப் பக்கத்துக்காரன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரப்பர் பால்வெட்டுதான் தொழில். மழைக்காலத்தில் வெட்டு நின்றால் கைச்செலவுக்கே திண்டாட்டம் என்பதால், சென்ற ஆண்டு எல்லைக்கு அந்தப்பக்கம் வெள்ளறடை அருகே ஒரு லேடெக்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். ரப்பர் பாலில் அமோனியா ஏற்றுவது, பாலைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தைக் கழுவுவது, அதில் பிரிந்து வரும் மெல்லிய பாலான ஸ்கிம் நிற்கும் தொட்டியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலை. சேர்ந்த புதிதில் கண்ணெரிச்சலும் இருமலும் தாங்க முடியவில்லை. ‘பழகிடும்’ என்றார்கள் பழைய ஆட்கள். அதேபோல இப்போது வாடையே தெரிவதில்லை. உடம்பு பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? நுரையீரல் கெட்டுப்போகுமா? சிலிண்டர் கசிந்தால் என்ன செய்ய வேண்டும்? முகத்தில் ஈரத்துண்டு கட்டினால் போதுமா? என் மகளுக்கு ஐந்து வயது, வீசிங் இருக்கிறது. என் துணியில் வரும் வாடையால்தான் என்று மனைவி பயப்படுகிறாள். அப்புறம் இன்னொன்று: வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ளுவோம். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். மழை விட்டதும் மறுபடி இறங்க வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். வேலையை விடுகிற நிலையில் நான் இல்லை.
– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, கடிதம் முழுக்க அமோனியாவைப் பற்றி எழுதிவிட்டு, ‘அப்புறம் இன்னொன்று’ என்று கடைசியில் தொட்டியைச் சேர்த்திருக்கிறீர்கள். நான் அந்தக் கடைசி வரிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமோனியா உங்களை வருத்துகிறது. அந்தத் தொட்டிக்குள் இருப்பது ஆளைக் கொன்றுவிடும். இந்தப் பதிலில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள்: காற்றைக் கருவி வைத்துச் சோதிக்காமல் அந்தத் தொட்டிக்குள் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்குவதற்காகவும் இறங்காதீர்கள்.

அழுகின முட்டை நாற்றம் என்றீர்களே, அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. லேடெக்ஸ் கம்பெனிக்குள் அது எப்படி வந்தது என்று தெரிந்தால் எப்போது பயப்பட வேண்டும் என்பதும் தெரியும். வெட்டி எடுத்த பாலைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, கெட்டியான பாலைத் தனியாகவும் ஸ்கிம்மைத் தனியாகவும் பிரிக்கிறீர்கள். அந்த ஸ்கிம்மில் மிச்சமிருக்கும் ரப்பரை உறைய வைக்க சல்பூரிக் அமிலம் ஊற்றுகிறீர்கள். ரப்பரை எடுத்தபின் மிஞ்சும் நீர் கழிவுத் தொட்டிக்குப் போகிறது. அமிலத்திலிருந்து வந்த சல்பேட்டும், பாலிலிருந்து வந்த புரதமும் சர்க்கரையும் அதில் கரைந்திருக்கின்றன. காற்றுப் படாத அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் இவற்றைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடாக வெளியே விடுகின்றன. அது காற்றைவிடக் கனமானது, அதனால் தொட்டியின் அடியிலேயே தங்கும். பெரும்பகுதி சேற்றுக்குள் சிறைப்பட்டிருக்கும். நீங்கள் மண்வெட்டியால் கிளறும்போதுதான் மொத்தமாகக் கிளம்பும். மேலிருந்து எட்டிப் பார்க்கும்போது லேசான நாற்றம்தான் இருந்தது, உள்ளே போனதும் ஆள் விழுந்துவிட்டார் என்று சொல்வார்களே, காரணம் இதுதான்.

இன்னும் ஒரு ஆபத்து உண்டு. ஆள் உள்ளே இருக்கும்போது மேலே யாராவது ஸ்கிம் தொட்டியின் அமிலத் தண்ணீரைத் திறந்துவிட்டால், அமிலம் பட்ட சேறு சில நிமிடங்களில் வாயுவைக் கக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியாமலே வால்வைத் திருப்பிவிடுவார்கள்.

இப்போது நீங்கள் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். ‘கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விடும்.’ தம்பி, நாற்றம் போகவில்லை. மணத்தை அறியும் நரம்பு மரத்துப்போயிருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடை மூக்கு மிக மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். இந்தப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கைத்தான் பி.பி.எம். என்கிறோம். எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வைத்த உச்ச அளவு 10 பி.பி.எம். ஏறக்குறைய 100 பி.பி.எம். ஆகும்போது, சில நிமிடங்களிலேயே மூக்கு வாடையை அறியும் திறனை இழந்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் அளவும் அதே 100 தான். அதாவது வாடை நிற்கும் இடமும் மரணம் பக்கத்தில் வரும் இடமும் ஒன்று. 500-ஐத் தாண்டினால் தலைசுற்றி விழுவார். 700, 1000 என்று போனால் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, அப்படியே சரிந்துவிடுவார். ‘காப்பாத்துங்க’ என்று கூப்பிடக்கூட நேரமிருக்காது. இத்தனை தடவை இறங்கி நீங்கள் நல்லபடியாக ஏறி வந்ததற்கு மழையும் காற்றும் சேற்றின் அளவும் ஒத்துழைத்ததுதான் காரணம். அடுத்த தடவையும் அப்படியே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த மாதிரி விபத்துகளில் என் மனதை எப்போதும் அறுப்பது, இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இறங்குகிறவர்களின் சாவுதான். கூட வேலை செய்கிறவன் கண்ணெதிரே விழுந்துகிடக்கிறான், நல்ல மனசுக்காரன் யோசிக்காமல் குதிக்கிறான், அவனும் விழுகிறான், அடுத்து அண்ணனோ மச்சானோ குதிக்கிறார். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் இதுபோன்ற அடைபட்ட இடங்களில் நடந்த மரணங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று எழுதியது. நம் ஊர்ச் செய்தித்தாளில் கிணறு, கழிவுநீர்த் தொட்டி என்று வரும் செய்திகளைப் படித்தாலும் அதே கதைதான்.

ஈரத்துண்டு கேட்டிருந்தீர்கள். தொட்டிக்குள் அது எதற்கும் உதவாது. துண்டு வாயுவைத் தடுக்காது. இல்லாத ஆக்சிஜனைத் தரவும் தராது. மருந்துக்கடையில் விற்கும் முகக்கவசமும் அப்படித்தான், அது தூசிக்கு. கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதை இங்கே செய்துவிடாதீர்கள். விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும். அதோடு, இந்தச் சேற்றில் மீத்தேனும் உருவாகிறது. இரண்டும் தீப்பற்றும் வாயுக்கள்.

சரி, சேறு அள்ளாமல் இருக்க முடியுமா? முடியாது. ஆனால் அள்ளுவதற்கு ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. செப்டிக் டேங்க் எடுக்க வருகிற உறிஞ்சு லாரியை மார்த்தாண்டத்திலும் நெய்யாற்றின்கரையிலும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி, குழாய் போட்டு உறிஞ்சினால் பெரும்பாலான சேறு வந்துவிடும். அதைக் கலக்கும்போதும் தொட்டி விளிம்பில் குனிந்து நிற்கக் கூடாது. காற்று வரும் பக்கம் தள்ளி நில்லுங்கள். முதலில் இதைத்தான் மேலாளரிடம் கேளுங்கள்.

எப்படியும் ஒருவர் இறங்க வேண்டும் என்று வந்தால், அது ஒரு தனி வேலை. தொட்டிக்கு வரும் எல்லாக் குழாய்களும் அடைக்கப்பட்டு, வால்வில் பூட்டு தொங்க வேண்டும். ஊதுவிசிறி வைத்து வெளிக்காற்றைத் தொட்டியின் அடிவரைக்கும் செலுத்த வேண்டும். பிறகு நான்கு வாயுக்களை அளக்கும் கையடக்கக் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.மைத் தொட்டாலோ, தீப்பற்றும் வாயு இருப்பதாகக் கருவி கத்தினாலோ யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவர் உடம்பில் கவசப்பட்டை, அதில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே நிறுத்திய மூன்றுகால் தாங்கியில் உள்ள கப்பியில். மேலே நிற்பவர் கயிற்றை விட்டு நகரக் கூடாது, பீடிக்குக்கூட. கருவி இறங்கியவரின் சட்டையில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் சேற்றைக் கிளறக் கிளற அளவு மாறும். விழுந்தால் மேலிருந்தபடியே கப்பியால் இழுக்க முடிய வேண்டும். கயிறு இல்லாமல் ஒருவர் விழுந்துவிட்டால் விசிறியை முழுவேகத்தில் ஓடவிட்டு 101-க்கும் 108-க்கும் சொல்லுங்கள், மூச்சுக்கருவியோடு தீயணைப்பு வீரர்கள் வரட்டும். இப்படி நிற்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இறங்காதீர்கள்.

இதெல்லாம் நானாகச் சொல்லும் யோசனை என்று மேலாளர் நினைக்க வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 36-வது பிரிவிலேயே இதைச் சொல்லிவிட்டது. ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும், தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தரும்வரை, அல்லது மூச்சுக்கருவியும் வெளியே ஆள் பிடித்திருக்கும் கயிறு கட்டிய பட்டையும் அணியும்வரை, யாரையும் இறக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

ஒன்று கவனியுங்கள். நீங்கள் மறுத்தால் அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையனை இறக்கிவிடுவார்கள். உங்கள் கம்பெனியில் அப்படி யாராவது இருந்தால், அவருக்கும் தெரிந்த மொழியில், கையைக் காட்டியாவது, இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி அமோனியா. இது பாலை உறையவிடாமல் காப்பதற்காக ரப்பர் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. தோட்டத்திலேயே சில துளி அமோனியாக் கரைசல் விட்டு நீங்களும் பழகியிருப்பீர்கள். தோட்டத்தில் திறந்தவெளி. கம்பெனியில் சிலிண்டரிலிருந்து வாயுவாகவே தொட்டிக்குள் ஏற்றுகிறீர்கள், கெட்டியான பாலில் 0.6 சதவீதத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்று. கூரைக்குக் கீழே அது தேங்கும்.

வாடை தெரியாமல் போனது உடம்பின் பலம் அல்ல. அமோனியாவிலும் மூக்கு சலித்துப்போகும். புதிதாக வருபவர் 5 பி.பி.எம். அளவிலேயே முகம் சுளிப்பார். பழைய ஆளுக்கு அதைப்போல் பல மடங்கு இருந்தாலும் ஒன்றும் தெரியாது. எட்டு மணி நேரத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் சராசரி 25 பி.பி.எம்.; கால் மணி நேரத்துக்கு 35. ஆக, உங்கள் மூக்கு சும்மா இருக்கிறது என்பதை வைத்து அளவு 25-க்குக் கீழே இருக்கிறது என்று சொல்லவே முடியாது. நுரையீரலுக்குச் சலிப்பு கிடையாது. அமோனியா ஈரத்தைத் தேடிப் போகும் வாயு. கண்ணீரில், தொண்டையின் ஈரத்தில், மூச்சுக்குழாயின் சளிப்படலத்தில் கரைந்து காரமாக மாறி அங்கேயே அரிக்கும். அளவு குறைவாக இருந்து, வேலை முடிந்து வீடு திரும்பியதும் எரிச்சல் அடங்கிவிடுகிறது என்றால் நிரந்தரச் சேதம் வர வாய்ப்பு குறைவு. ஆனால் விடுமுறை நாளிலும் இருமல் நிற்கவில்லை, படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, இரவில் விசில் சத்தம் கேட்கிறது என்றால் அலட்சியம் வேண்டாம். காரக்கோணம் மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். ஸ்பைரோமெட்ரி என்று ஒரு பரிசோதனை உண்டு, குழாயில் பலமாக ஊதுவது. ஒரு தடவை இப்போதே செய்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கூடத்தில் அளவைக் குறைக்கும் வழிகள் பெரும்பாலும் சாதாரணமானவை. ஸ்கிம் தொட்டிக்கு மூடி போடுவது, அதன்மேல் உறிஞ்சு விசிறி வைப்பது, அமோனியா ஏற்றும்போது குழாயின் முனை பாலுக்குள் ஆழமாக மூழ்கியிருப்பது, அமிலம் ஊற்றும் முன் ஸ்கிம்மிலிருந்து வாயுவை வெளியேற்றும் வேலையை ஆட்கள் இல்லாத திறந்த பக்கத்தில் செய்வது. குறைந்த அமோனியாவோடு வேறு பதப்பொருள் சேர்த்த லேடெக்ஸும் சந்தையில் இருக்கிறது. அது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு, ஆனால் கோட்டயத்தில் உள்ள ரப்பர் வாரியத்திடம் கேட்டால் வழி சொல்வார்கள். கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றியும் அவர்களிடமே கேட்கலாம். தரையைக் கழுவ பிளீச்சிங் பவுடரைப் பயன்படுத்தவே வேண்டாம். அது அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற இன்னொரு நச்சுப்புகை வரும்.

முகக்கவசம் பற்றி: அமோனியாவுக்கென்று பச்சை நிறப் பட்டை போட்ட வடிகட்டியோடு ரப்பர் முகமூடி கிடைக்கும். சாதாரண வேலைக்கு அது சரி, முகத்தில் இறுக்கமாகப் பொருந்தினால். தாடி இருந்தால் பொருந்தாது. உறையைப் பிரித்த வடிகட்டி காலவரையில்லாமல் உழைக்காது. முகமூடிக்குள் வாடை வந்தால் உடனே வெளியே போய் மாற்ற வேண்டும். பெரிய கசிவுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நுழையக் கூடாது. 300 பி.பி.எம். வந்துவிட்டால் உயிராபத்து, அங்கே முதுகில் காற்றுச் சிலிண்டர் சுமந்தவர்களுக்குத்தான் வேலை. ஈரத்துண்டுக்கு ஒரே ஒரு பயன் உண்டு. அமோனியா தண்ணீரில் கரையும் என்பதால், தப்பி ஓடும்போது மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டால் சில மூச்சுகளுக்கு உதவும். ஓடுவதற்கு மட்டும், நின்று வால்வைத் திருப்புவதற்கு அல்ல.

சிலிண்டர் கசிந்தால் என்று கேட்டீர்கள். இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஊரே தெருவுக்கு ஓடி வந்தது. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் சுமார் முப்பது பெண்கள் மயங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். திரவமாகக் கசியும்போது அது மைனஸ் 33 டிகிரிக் குளிரில் வருகிறது. வெள்ளைப் பனிமூட்டமாகத் தரையோடு தரையாகத்தான் முதலில் ஊரும். ஆகவே காற்றின் திசையைப் பாருங்கள். கூரையில் ஒரு துணிக்கொடி கட்டியிருந்தால் ஒரு நொடியில் தெரியும். மூட்டத்துக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் திசையை நோக்கிப் போங்கள். காற்றோடு சேர்ந்து ஓடினால் அது உங்களைத் துரத்திக்கொண்டே வரும். காற்றில் பரவும் மூட்டத்தின்மேல் தண்ணீரைத் தூவலாகத் தெளித்தால் வாயு கரைந்து அடங்கும். தரையில் தேங்கிய திரவ அமோனியாமேல் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடேறி இன்னும் வேகமாகப் பொங்கி ஆவியாகும். சின்னக் கசிவு எந்த இணைப்பில் என்று தேட, ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள் போதும். கசியும் இடத்தில் நீலமாகும். அமோனியா பித்தளையையும் செம்பையும் தின்றுவிடும் என்பதால் அந்த உலோகத்தில் செய்த சாதாரண வால்வையோ இணைப்பையோ அவசரத்துக்கு மாட்டிவிட வேண்டாம்.

கண்ணில் பட்டால் கணக்கு நிமிடங்களில். காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும். இமையை விரலால் பிரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள், அதன் பிறகுதான் வண்டி. அமோனியா ஏற்றும் இடத்தின் பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் குழாய் கண் தெரியாதவருக்கு உதவாது. எலுமிச்சை, வினிகர், தாய்ப்பால், களிம்பு எதுவும் வேண்டாம். தோலில் திரவம் பட்டு துணி ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் தண்ணீர் ஊற்றி இளக்கிய பிறகு கழற்றுங்கள். பலமாக மூச்சில் இழுத்தவர் அரை மணியில் தெளிந்து ‘ஒண்ணுமில்ல, நான் வீட்டுக்குப் போறேன்’ என்பார். விடாதீர்கள். சில மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். எந்த வாயு என்று டாக்டரிடம் பெயரைச் சொல்லுங்கள். ‘கம்பெனி கேஸ்’ என்றால் அவருக்குப் புரியாது. ஹைட்ரஜன் சல்பைடுக்கும் இதே எச்சரிக்கைதான்.

வேலையை விட முடியாது என்கிறீர்கள். விடச் சொல்லவில்லை. தனியாகப் போய் மேலாளரிடம் நிற்காதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். பொதுவாக ‘பாதுகாப்பு வேணும்’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தொட்டிக்கு உறிஞ்சு லாரி, வாயு அளக்கும் கருவி, அமோனியா பக்கத்தில் கண் கழுவும் குழாய். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல முதலாளிகள் ஆபத்து தெரியாமல்தான் இருக்கிறார்கள். தன் கம்பெனித் தொட்டியில் ஒரு ஆள் செத்தால் என்ன ஆகும் என்பது புரிந்தால் இறங்கி வருவார்கள்.

வரவில்லை என்றால், கம்பெனி எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலத்தின் அதிகாரிதான் பொறுப்பு. நீங்கள் குமரி மாவட்டத்தில் குடியிருந்தாலும் நாகர்கோவிலில் மனு கொடுத்துப் பயனில்லை. கேரள அரசின் ஃபேக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் துறைக்கு எழுத வேண்டும். மலையாளம் எழுதத் தெரிந்த கூட்டாளி ஒருவர் உதவினால் வேலை சுலபம். 1984-ல் போபாலில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளி நினைத்தால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் நேரடியாக எச்சரிக்கும் உரிமை அப்போது சேர்ந்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் அதே 1987 திருத்தம் சொன்னது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பிடித்தால் அட்டை எண்ணை மனைவிக்கும் சொல்லி வையுங்கள். வேலையில் காயமோ நோயோ வந்தால் சிகிச்சையும் உதவித்தொகையும் அதன்வழியே வரும்.

கடைசியாக மகள். உங்கள் துணியில் ஒட்டி வரும் அமோனியா மிகக் கொஞ்சம். காற்றில் சீக்கிரம் பறந்துவிடும். துணியில் மிஞ்சும் நாற்றம் பெரும்பாலும் காய்ந்து கெட்டுப்போன ரப்பர் பாலின் நாற்றம். அதனால் மட்டும் குழந்தைக்கு வீசிங் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். இருந்தாலும் வீசிங் உள்ள குழந்தைக்கு எந்தக் கடுமையான வாடையும் ஆகாது. கம்பெனியிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வாருங்கள், வேலைத்துணியை வெளியே கொடியில் போட்டுத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள், குழந்தையைக் கம்பெனிப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள். வீட்டில் விறகடுப்பு உண்டா, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை பக்கத்தில் இருக்கிறதா, கொசுவர்த்தி ஏற்றுகிறீர்களா, சுவரில் ஈரம் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லைப்புற மழைக்கு இவைதான் அதிகம் படுத்தும். குழந்தை மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், அடிமையாகிவிடுவாள் என்று பயந்து நிறுத்தியிருக்கிறீர்களா? பல வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் குழாயை வைத்து, சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். பேசக்கூட மூச்சு வாங்குகிறது, விலா உள்ளே இழுக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் அன்று இரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.